பியூலாவின் வண்டியில் நீ பொருத்தியவை

கிங்ஸ்லி,

சுகமாக இருக்கிறாயா என்று நான் கேட்கப் போவதில்லை. நம் உறவுக்காரர் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நீ எழுதியதைப் படித்தேன். பியூலா யாரோடோ போய்விட்டாள், உன்னைப் பெற்ற தாயே அதற்குத் துணை நின்றாள், அம்மாவுக்கு வயதாகிப் புத்தி தடுமாறிவிட்டது. இவ்வளவையும் எழுதி, கடைசியில் எல்லோரும் ஜெபம் செய்யுங்கள் என்று கைகூப்பும் படம் வேறு போட்டிருந்தாய். உன் சித்தப்பாமாரிலிருந்து கனடாவில் இருக்கும் உன் சித்தி மகள் வரை எனக்குப் போன் செய்து, ஆறுதல் சொல்கிற மாதிரி விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அதனால் என் பதிலையும் அதே குழுவில் போடுகிறேன். அரசு அலுவலகத்தில் பிறருடைய கடிதங்களைத் தட்டச்சு செய்தே தலை நரைத்தவள் நான். நடந்ததை நடந்த வரிசையில் எழுத எனக்கு வரும். புத்தி தடுமாறியவள் எழுதினதா என்று படிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும்.

உறவில் பாதிப் பேர் பியூலாவைக் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி. அவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் முக்கூடல்காரி, நெல்லும் வாழையும் போடுகிற வீட்டில் ஒரே பெண். தாய் இல்லை. பிசியோதெரபி படித்தவள். நம் வீடு இருக்கிற பாளையங்கோட்டையிலேயே ஒரு சிகிச்சை நிலையத்தில் வேலை என்றாலும் அங்கே உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. பக்கவாதம் வந்து படுத்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள் வீடுகளுக்கு நேரே போய், அவர்கள் கை கால்களை அசைக்க வைத்து, எழுப்பி நிறுத்தி, நடக்கப் பழக்குவாள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஆற்றை ஒட்டின ஊர்களெல்லாம் அவள் பொறுப்பு. கால்வாய்க் கரைகளில் சின்னச் சக்கரம் சறுக்கும் என்று ஸ்கூட்டரைத் தொட மாட்டாள். மோட்டார் சைக்கிள்தான். நாம் பெண் பார்க்கப் போனபோது அந்த வண்டி வாசலில் நின்றது. திரும்பி வரும்போது காரில், “இவ நமக்குச் சரியா வருவாம்மா” என்று சொன்னது நீதான்.

கல்யாணத்துக்கு அடுத்த வருடம் நீ மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாய். அவள் தன் போனை ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் செருகி ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு புதிய வீடுகளுக்கு வழி தேடிப் போவாள். சேரன்மகாதேவி ரோட்டில் ஒரு வேகத்தடையில் கிளிப் வாயைப் பிளந்து போன் தெறித்து விழ, பின்னால் வந்த லாரி அதன்மேல் ஏறிப் போனது. அதற்கு முந்தைய போன் எஞ்சின் அதிர்விலேயே கேமரா கெட்டு, எடுத்த படமெல்லாம் தண்ணீருக்குள் எடுத்த மாதிரி ஆகியிருந்தது. வெயில் காலத்தில் சூடேறி நடுவழியில் தானாக அணைந்தும் போகும். “போன் இதுக்கு ஆகாதும்மா. வண்டிக்குன்னே தனியா ஜிபிஎஸ் இருக்கு, அதத்தான் வாங்கணும்” என்று நீ சொன்னாய். நியாயமான பேச்சுதான்.

அதை நீ தேர்ந்தெடுத்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். உன்னைக் கெட்டவன் என்று மட்டும் எழுதினால் அது பொய்க் கடிதம். சாப்பாட்டு மேஜை முழுக்கச் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தாய். உச்சி வெயிலில் திரை தெரிகிறதா என்று முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாய். கையுறை போட்ட விரலுக்கு வேலை செய்கிறதா என்று பார்த்தாய். நனைந்தால் தாங்குமா என்று குழாயடியில் பிடித்தாய். பிளாஸ்டிக் தாங்கியை ஒதுக்கிவிட்டு, அலுமினியத்தில் ரப்பர் வளையம் வைத்த தாங்கியை எடுத்தாய். கண்ணாடித் தண்டில் மாட்டினால் ஆடும் என்று ஹேண்டில்பாரின் நடுவில் மாட்டினாய். பியூலாவை வண்டியில் உட்காரச் சொல்லி, கழுத்தைக் குனியாமல் கண்ணை மட்டும் இறக்கினால் திரை தெரியும் உயரத்துக்கு அதைத் திருப்பித் திருப்பி வைத்தாய். ஹேண்டிலை முழுசாக ஒடித்தால் பிரேக் கேபிள் உரசுகிறதா, வயர் இழுபடுகிறதா என்று குனிந்து பார்த்தாய். சாவி போட்டால் மட்டும் கரண்ட் போகிற மாதிரி பியூஸ் வைத்து இணைத்தாய். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் மிச்சத்தைச் சொன்னாய். அந்தக் கருவிக்குள் ஒரு சிம் இருக்கிறது, வண்டி ஓடும் நேரமெல்லாம் அது எங்கே இருக்கிறது என்று மஸ்கட்டில் உன் போனில் தெரியும் என்று.

“அப்பம் நான் எங்கன நிக்கேன்னு ஒங்களுக்கு எந்நேரமும் தெரியுமா?” என்று பியூலா கேட்டாள்.

“அப்பாவ நாங்க தேடுன கத ஒனக்குத் தெரியும்லா. அதுக்குத்தான்” என்றாய்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உன் அப்பா தூத்துக்குடி ரோட்டில் அடிபட்டு, பர்ஸும் போனும் காணாமல் போய், பெயர் தெரியாத ஆளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தபோது நாம் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் அவரைத் தேடிக்கொண்டிருந்தோம். கண்டுபிடித்தபோது உடம்பு ஆறிப்போயிருந்தது. அதைச் சொன்ன பிறகு இந்த வீட்டில் யார் வேண்டாம் என்று சொல்ல முடியும்? அது உனக்குத் தெரிந்துதான் சொன்னாய் என்று இப்போது நினைக்கிறேன்.

நீ மஸ்கட் திரும்பினாய். முதல் மாதம் ஒன்றுமில்லை. பிறகு சாயங்காலப் போன்கள் ஆரம்பித்தன. அவள் காய் நறுக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் பேசுவாள், அதனால் எனக்கும் கேட்கும்.

“வீரவநல்லூர் தாண்டி, பாலத்துக்கிட்ட எதுக்கு நின்ன?”

“தாகமா இருந்துச்சு. எளநி குடிச்சேன்.”

“எளநி குடிக்க இம்புட்டு நேரமா?”

“கூட்டமா இருந்துச்சு.”

“எளநிக் கடையில கூட்டமா? யாரு யாரு நின்னா?”

இப்படித்தான் தினமும். எந்த வீட்டில் எவ்வளவு நேரம், அந்த வீட்டில் ஆண்கள் யார், போன வாரம் இந்த வழியாகப் போனவள் இந்த வாரம் ஏன் அந்த வழியாகப் போனாள். அம்பாசமுத்திரத்தில் மழைக்கு ஒரு மண்டபத்தில் ஒதுங்கியதற்கு மழை பெய்ததா என்று என்னிடம் தனியாகக் கேட்டு ஒத்துப் பார்த்தாய். நினைவிருக்கிறதா? “பாளையங்கோட்டையில பெய்யலயேம்மா?” என்றாய். அம்பாசமுத்திரத்தில் பெய்கிற மழை பாளையங்கோட்டையில் பெய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றேன். உனக்குப் பிடிக்கவில்லை.

அவள் காலையில் கொண்டுபோகும் தண்ணீர்ப் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வர ஆரம்பித்ததை நான் கவனித்தேன். வெயில் காலம். உதடு வெடித்திருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதற்கு முதலில் மறந்துவிட்டேன் என்றாள். நான் விடவில்லை.

“குடிச்சா நடுவுல எங்கயாச்சும் நிக்கணும் அத்தை. நான் போற வீடு பாதியில கக்கூஸ் கெடையாது. தெரிஞ்ச வீடு பாத்து நிறுத்துனா அது யாரு வீடும்பாங்க. ரோட்டோரமா நிறுத்துனா அங்க எதுக்கு நின்னம்பாங்க. ஒண்ணுக்குப் போனேன்னு தெனமும் எப்படிச் சொல்ல? குடிக்காம இருந்துட்டா ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்லா.”

இதை நான் உன்னிடம் சொன்னேன். “அவ ஒங்கிட்ட நடிக்கா” என்றாய். உன் மனைவியின் மூத்திரத்துக்குக் கணக்குக் கேட்டவன் நீ. குழுவில் பெரியவர்கள் இருக்கிறார்கள், இப்படி எழுதலாமா என்று உனக்கு இப்போது முகம் சிவக்கும். சிவக்கட்டும்.

ஆனி மாதம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு நோயாளி வீட்டில் அவள் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டு விழுந்தாள். சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அந்த வீட்டார் வண்டியைத் தங்கள் முற்றத்திலேயே விட்டுவிட்டு அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்து எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு குழறியது. கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. உன் போன் வந்தது.

“அவ மத்தியானத்துலேர்ந்து ஒரே வீட்டுல நிக்காம்மா. போன எடுக்க மாட்டேங்கா.”

“வண்டிதாம்லே அங்கன நிக்கு. அவ ஆஸ்பத்திரியில கெடக்கா. காய்ச்சல்ல நெனவு இல்ல.”

“ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டு வந்தது?”

“அந்த வீட்டுப் பையன்தான் ஆட்டோ பிடிச்சு ஏத்திவிட்டான்.”

“பையன்னா என்ன வயசு?”

கிங்ஸ்லி, நீ கேட்டது அதைத்தான். என்ன காய்ச்சல் என்று கேட்கவில்லை, பிழைப்பாளா என்று கேட்கவில்லை. உன் அப்பா எங்கே கிடக்கிறார் என்று தெரியாமல் நாம் பட்ட பாட்டைச் சொல்லித்தானே அந்தக் கருவியை மாட்டினாய்? இதோ, உன் மனைவி எங்கே கிடக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்தாய்? செத்துப்போன என் புருஷனை உன் சந்தேகத்துக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறாய் என்பது எனக்கு அந்த ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது. போனை வைத்துவிட்டேன்.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, திருகாணியைக் கழற்றி அந்த ஜிபிஎஸ்ஸை எடுத்தது. மழையில் நனைந்து திரை போய்விட்டது, பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னாள். அது என் பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் இருந்தது. இனித் தொல்லை விட்டது என்று இருவரும் நினைத்தோம். அந்த வாரமே அவள் தகப்பனாரைப் பார்க்க முக்கூடல் போனாள். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சாயங்காலம் நீ கூப்பிட்டாய். “முக்கூடல்ல இன்னைக்கு என்ன வேலை?”

அவள் நறுக்குவதை நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

அன்றிலிருந்து அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டாள். வேலைக்குக் கிளம்பும்போது எங்கே போகிறாய் என்று நான் வழக்கம்போலக் கேட்டால், “ஒங்க மகன்கிட்டயே கேட்டுக்கிடுங்க” என்பாள். என்னைத் திட்டவில்லை. ஒரே கூரையின் கீழ் நாங்கள் இரண்டு பேர், அவளுக்கு நான் உன் ஆள், எனக்கு அதை மறுக்க ஒரு ஆதாரமும் இல்லை. ஆவணி முழுக்க இப்படியே போனது. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுச் சமையலறையில் என்னைத் தனியாளாக்கினாய். உனக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

அதை உடைத்தது ஒரு பேட்டரி. ஓட்டாமல் இரண்டு நாள் நிறுத்தினால் வண்டி கிளம்ப மறுத்தது. புது பேட்டரி போட்டும் அதே கதை. தெருமுனை ஒர்க்‌ஷாப் அண்ணாச்சியை வீட்டுக்கு வரச் சொன்னாள். அவர் சீட்டைக் கழற்றி, அடியில் கையை விட்டு, டேப் சுற்றின ஒரு கறுப்புப் பெட்டியை வெளியே இழுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.

“இத யாரும்மா இங்கன சொருகுனது?”

“என்ன அண்ணாச்சி அது?”

“வண்டி எங்க போகுதுன்னு காட்டுற சாமான். களவு போயிரக் கூடாதுன்னு லாரிக்காரங்க வைப்பாங்க. இத பியூஸும் இல்லாம நேரே பேட்டரியில கொடுத்திருக்கு. சாவிய எடுத்தாலும் இது முழிச்சுக்கிட்டே இருக்கும். பேட்டரி எப்படி நிக்கும்?”

அந்த விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கோயிலுக்குப் போயிருந்தபோது நீ தலைவலி என்று வீட்டில் இருந்தாய். அன்றுதான் வைத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற கருவிக்கு எவ்வளவு பொறுமையாக வயர் போட்டாய். இதற்கு அவசரமாக டேப் சுற்றியிருந்தாய். பியூலா அந்தப் பெட்டியைக் கையில் வாங்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து, தலையை என் மடியில் வைத்து, “மன்னிச்சிருங்க அத்தை, மன்னிச்சிருங்க” என்று அழுதாள். நீ செய்ததற்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அடுத்து நடந்தது என் யோசனை. அவள் தலையில் அதைப் போடாதே. ஒர்க்‌ஷாப் அண்ணாச்சியின் மச்சினன் ரொட்டி வேன் ஓட்டுகிறான். சாத்தான்குளம், கூடங்குளம் வரை கடைகளுக்கு ரொட்டி போடுவான். பெட்டி என்ன என்று அவனிடமும் சொல்லியே, அதை அவன் வேனில் இணைத்துக் கொடுக்க அண்ணாச்சியிடம் சொன்னேன். பியூலாவை வேலைக்கு லீவு போடச் சொன்னேன். “நீ பேசாத. கேட்டுக்கிட்டு மட்டும் இரி” என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கே கூப்பிட்டாய். நான் போனை மேஜையில் ஸ்பீக்கரில் வைத்தேன். எதிரே பியூலா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அவ எங்கம்மா?”

“நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே. நீயே சொல்லு.”

“சாத்தான்குளத்துல கட கடையா நின்னு நின்னு போறா. அங்கன அவளுக்கு என்ன சோலி?”

மத்தியானம் மறுபடி கூப்பிட்டாய். கூடங்குளத்தில் கடலோரமாக நிற்கிறாள் என்றாய். எவனோடு நிற்கிறாள் என்பதையும் நீயே சொன்னாய். ஆட்டோ ஏற்றிவிட்ட அந்தக் கல்லிடைக்குறிச்சிப் பையன். அவனுக்கு வயது பதினாறு. அதற்குப் பிறகு அவளைப் பற்றி நீ சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். “கிறிஸ்மஸுக்கு வருவேன்லா. வந்து ரெண்டு காலையும் ஒடச்சு வீட்டுல ஒக்கார வைக்கேன். அப்புறம் எந்த ஜிபிஎஸ்ஸும் வேண்டாம்.” கால் ஒடிந்தவர்களை நடக்க வைத்துப் பிழைக்கிறவள் எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. உரித்த காயைத் தட்டில் ஒதுக்கிவிட்டு, “போதும் அத்தை. போன வச்சிருங்க” என்றாள்.

நான் செய்தது கொடுமை என்று யாராவது சொல்வார்கள். பெற்ற பிள்ளையைப் பேச விட்டு, கட்டினவளைக் கேட்க வைத்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். நீ மாறிவிடுவாய் என்று அவளுக்கு ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. அதை நான் அறுத்துப் போட்டேன். அறுக்காமல் விட்டிருந்தால் கிறிஸ்மஸுக்கு அவள் உனக்காகப் பலகாரம் சுட்டுக்கொண்டு காத்திருந்திருப்பாள்.

அவள் முதலில் தகப்பனாரிடம்தான் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மாப்பிள்ள பாசத்துலதான செய்யுதாரு. பொம்பளைக்கு வேல என்னத்துக்கு? விட்டுட்டா சரியாப் போவும்” என்று சொல்லி, பழத்தாரை வண்டியில் கட்டி அன்றே திருப்பி அனுப்பிவிட்டார். அந்தத் தாரோடு அவள் வாசலில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்த பிறகு, எங்காவது தூரமாகப் போய்விடு என்று நான்தான் சொன்னேன். படித்தவள். கையில் தொழில் இருக்கிறது. வேறொரு ஊரில் வேலை கிடைத்தது. எந்த ஊர் என்று சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். நீ வந்து என் காலைப் பிடித்து அழுதால் நான் சொல்லிவிடுவேன். என்ன இருந்தாலும் பெற்றவள். தெரியாமல் இருந்தால்தான் அவளைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

அவள் யாரோடும் போகவில்லை, கிங்ஸ்லி. இதைக் குழுவில் எல்லோரும் படிக்கட்டும். ஒருவனோடு போயிருந்தால் அவனைத் திட்டிக்கொண்டு நீ நிம்மதியாக இருக்கலாம். அவள் தனியாகப் போனாள். உன்னோடு இருப்பதைவிட ஒருவரும் இல்லாமல் இருப்பது மேல் என்று போனாள். ரொட்டி வேனில் இருந்த பெட்டியை அண்ணாச்சியின் மச்சினன் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அது என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்.

நாளைக்கு இன்னொருத்தியைக் கட்டிவைக்க உன் சித்தப்பாமார் கிளம்புவார்கள். எங்கே பெண் பார்த்தாலும் அந்த வீட்டு வாசலுக்கு இந்தக் கடிதத்தோடு போவேன். அப்படியும் ஒருத்தி வந்து, அவளும் வண்டி ஓட்டுகிறவளாக இருந்து, அவளுக்கு நீ ஒரு ஜிபிஎஸ் வாங்கினால், திரையும் தாங்கியும் பார்க்கிற அதே கவனத்தோடு ஒன்றை மட்டும் பார். அதன் கணக்கு ஓட்டுகிறவள் பெயரில் இருக்கட்டும், கடவுச்சொல் அவளிடம் இருக்கட்டும். தான் எங்கே இருக்கிறேன் என்று அவளாகக் காட்டினால் பார். அணைத்து வைத்தால் உன் வேலையைப் பார். வழி காட்டுவதற்கு என்று விற்கிற சாமான் அது. உன் அப்பா உயிரோடு இருந்த காலமெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் எப்போது வருவார் என்று எனக்குத் தெரியாது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். அது என் நெருப்பு. அவர் வயிற்றில் அதைக் கொண்டுபோய் வைக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள் கிளம்பினது விடிந்து வெயில் ஏறின பிறகு, தெருவே பார்க்க. பீரோவிலிருந்து அந்த ஜிபிஎஸ்ஸை எடுத்துக் கொடுத்தேன். முந்தின நாளே அதிலிருந்த உன் கணக்கை அழித்து, சிம்மை உருவி எடுத்து, அண்ணாச்சியிடம் காட்டிச் சரிபார்த்திருந்தாள். தாங்கியில் அவளே வைத்துத் திருகினாள். ஆடவில்லை. பையைப் பின்சீட்டில் கட்டினாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து குனிந்தாள். தலையில் கை வைத்து ஜெபித்தேன். போய்ச் சேர்ந்ததும் போன் போடு என்கிற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. உலகத்தில் எந்தத் தாயும் சொல்கிற வார்த்தை. அதை விழுங்கிவிட்டு, “பெட்ரோல் இருக்கா?” என்றேன்.

“இருக்கு அத்தை.”

“தண்ணி குடிச்சுக்கிட்டே போ.”

தலையை ஆட்டினாள். வண்டி கிளம்பிற்று. நம் தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் ஒரு திசை, வலது பக்கம் திரும்பினால் வேறு திசை என்பது உனக்குத் தெரியும். நீ என்னிடம் கேட்கப் போகிற முதல் கேள்வியும் எனக்குத் தெரியும். அதனால் அவள் முனையைத் தொடும் முன்பே நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அம்மா